கழுத்தை மட்டும் தொட மாட்டேன்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் எங்கள் ஷேர் ஆட்டோ ஒரு டீக்கடை முன்னால் நின்றது. ஓட்டுநர் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கடைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் குப்புறப் படுத்திருந்த ஒரு மனிதரின் இடுப்பில் வலது காலை வைத்து ஓங்கி ஒரு மிதி மிதித்தார். படுத்திருந்தவர், "அய்யோ நைனா" என்று முனகினார். இன்னும் இரண்டு மிதி. பிறகு ஓட்டுநர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தார். ஆட்டோவில் இருந்த யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னப்பா பண்ணினீங்க அந்த ஆளை?" என்று கேட்டேன்.

"சுளுக்கும்மா. நான் கால்ல பொறந்தவன். எங்கம்மா வயித்துலருந்து காலுதான் மொதல்ல வந்துச்சாம். அப்டி பொறந்தவன் மிதிச்சா சுளுக்கு போயிடும்னு சொல்லுவாங்கோ. சவாரிய உட்டுட்டு இதே பேஜாரா கீது."

அவர் பெயர் பாபு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா, கல்லூரியில் என்னோடு படித்தவள், பழவேற்காட்டில் பள்ளி ஆசிரியை, சும்மா இருந்திருக்கலாம். "இவளும் உன் வேலைதான் பாபு, பிரான்ஸ்ல" என்று போட்டுக் கொடுத்தாள்.

பாபு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்களும் கால்ல பொறந்தவங்களா?"

"இல்லை, தலையாலதான்."

"அப்ப ரெட்டப்புள்ள பெத்தவங்களா? அவங்க தடவுனாக்கூட போவும்."

"ஒண்ணுகூடப் பெறலை."

"அப்புறம் எப்டிம்மா?"

"படிச்சேன்" என்றேன். பாபு "ஓ" என்றார். அந்த "ஓ"வில் மரியாதை ஏதும் இல்லை.

நான் புதுச்சேரிக்காரி. லியோன் நகரத்தில் ஆஸ்டியோபதி பார்க்கிறேன். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, கை மட்டும்தான். உடம்பை ஒரே வீடாகப் பார்க்கிற வைத்தியம் இது. சமையலறையில் தண்ணீர் ஒழுகினால் மாடியிலும் போய்ப் பார்க்க வேண்டும். தோள் வலி என்று வருகிறவரின் பாதத்தையும் பிடித்துப் பார்ப்பேன், விலாவையும் தாடையையும் தொட்டுப் பார்ப்பேன். எங்கே இறுகியிருக்கிறது, எங்கே மூச்சு போய்ச் சேரவில்லை என்று தேடி அதை மெல்லத் தளர்த்தி விடுவேன். மிச்சத்தை உடம்பு தானே பார்த்துக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. எல்லா நோய்க்கும் இது ஆகாது. எதற்கு ஆகாது என்று தெரிந்துகொள்வதுதான் படிப்பில் பாதி.

அண்ணன் மகன் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். "ஒரு வாரம் முன்னாடி வந்து எங்க ஜனங்களோட முதுகப் பாருடி, எல்லாரும் குனிஞ்சே கிடக்கிறாங்க" என்று ஸ்டெல்லா போனில் பிடுங்கி எடுத்ததால் இங்கே வந்தேன். டச்சுக்காரர் கல்லறையைப் பார்த்தாயா, பூநாரையைப் பார்த்தாயா என்று இப்போது லியோனில் கேட்கிறார்கள். இரண்டையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டெல்லா வீட்டுக் கூடத்தில் பாயைப் போட்டுக் கடையைத் திறந்தேன். லியோனில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் வருவார், கதவு சாத்தியிருக்கும், பேச்சுகூடத் தாழ்ந்த குரலில்தான். இங்கே ஒருவர் படுத்தால் ஒன்பது பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். வலை இழுத்துத் தோள் போனவர், கூடை சுமந்து இடுப்பு போனவர், மீன் வெட்டி மணிக்கட்டு வீங்கியவர் எல்லாரும் வந்தார்கள். நான் விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இன்னாடி இந்தம்மா சும்மா கைய வெச்சிக்கினு கீது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தூங்கிட்டாங்க போல" என்றாள் இன்னொருத்தி.

ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார்த்தார். கை நன்றாகவே மேலே போயிற்று. ஆனால் முகத்தில் திருப்தி இல்லை. "நெட்டி ஒண்ணுகூட உடலியேம்மா" என்றார். சத்தம் வராவிட்டால் வைத்தியம் ஆகாது என்று அவர் கருத்து. எனக்குக் கோபம் வந்தது. ஸ்டெல்லா அன்று வைத்த மடவை மீன் குழம்பு அந்தக் கோபத்தை ஆற்றியது. கூடவே எறா தொக்கு. லியோனில் ஐஸ்கட்டியாக வரும் இறாலைச் சாப்பிட்டுவிட்டு அதையும் இறால் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாகிவிட்டது.

மூன்றாம் நாள் தோணிரேவுப் பக்கம் ஸ்டெல்லாவுக்கு ஒரு மாணவி வீட்டில் வேலை இருந்தது. படகில் போனோம். நடு ஏரியில் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. "முகத்துவாரம் அடச்சிக்கிச்சும்மா, தண்ணி எங்க கீது? எறங்கித் தள்ளுங்க" என்றார் படகுக்காரர். பிரான்சில் ரயில் பத்து நிமிஷம் தாமதமானாலே மன்னிப்புக் கேட்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஸ்டெல்லா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்துவிட்டாள். நானும் இறங்கினேன். முழங்கால் வரை சேறு.

அப்போதுதான் அவர்களைப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, ஏழெட்டுப் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்துகொண்டிருந்தார்கள். தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஒவ்வொருத்தி வாயிலும் ஓலையில் பின்னிய ஒரு பறி. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. கையில் பட்டதை எடுத்து வாயருகே இருக்கும் பறியில் போடுகிறார்கள். பறி நிறைய நிறைய அத்தனை பாரமும் பல்லில்.

நான் படகைத் தள்ளுவதை மறந்து நின்றுவிட்டேன். தாடையைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு தூங்குகிறவர்களுக்கே லியோனில் கழுத்து வலி வந்து என்னிடம் ஓடி வருகிறார்கள். இவர்கள் தலையை நீட்டிக்கொண்டு, பல்லில் பாரத்தைத் தொங்கவிட்டு, பொழுதெல்லாம் தண்ணீரில். "இருளருங்கடி. அவங்க பொம்பளைங்க சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான் பிடிக்கிறாங்க" என்றாள் ஸ்டெல்லா.

ஒருத்தி மட்டும் என் கண்ணில் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வலது கையில் இறால் வந்தது. இடது கை ஒவ்வொரு முறையும் கிளிஞ்சலையும் சேற்றையும் அள்ளி வந்தது. அவள் அதைக் கண்ணால் பார்த்துத்தான் இறால் இல்லை என்று தெரிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த இளம்பெண் தன் பறியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அவள் பறியில் போட்டாள்.

ஸ்டெல்லா கூப்பிட்டாள். இடது கை வராதவள் பெயர் கன்னியம்மா, இளம்பெண் அவள் மருமகள் செல்வி. கன்னியம்மா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ரெண்டு மாசமா இந்தக் கை செத்துப்போச்சு டீச்சர். கழுத்துல சுளுக்கு. எறாவா கல்லான்னே தெரில. வெரலு தெரிலன்னா நான் இன்னா பொழப்பு பொழைக்கிறது?" என்றாள்.

"நாளைக்கு வீட்டுக்கு வாங்க, நான் பாக்குறேன்" என்றேன் நான். ஏதோ கழுத்துத் தசை, தாடை, விலா, இரண்டு தரம் பார்த்தால் சரியாகிவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாகிவிட்டது. பல்லில் பறி என்கிற காரணம் வேறு கையில் கிடைத்துவிட்டதே.

மறுநாள் கன்னியம்மாவும் செல்வியும் வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வரச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. நடந்து வந்தபோது கன்னியம்மாவின் இடது செருப்பு படியிலேயே கழன்றுவிட்டது. அவளுக்கு அது தெரியவில்லை. செல்விதான் எடுத்து வைத்தாள்.

கண்ணை மூடச் சொல்லி, என் மோதிரத்தைக் கழற்றி அவள் இடது கையில் வைத்தேன். உருட்டிப் பார்த்தாள். "எறா தலையா?" என்றாள். பிறகு, "தெரிலம்மா."

ரவிக்கைக் கொக்கி மாட்ட வருகிறதா என்று கேட்டேன். "இவதான் மாட்டி உடுறா" என்று செல்வியைக் காட்டினாள். "குனிஞ்சாக்க முதுகுல கரண்டு அடிக்குது, கால் வரிக்கும்."

முழங்காலில் தட்டிப் பார்த்தேன். கால் எகிறிக் குதித்தது. பாதத்தை மேலே தள்ளினேன். அது தானாகப் படபடவென்று துடித்துக்கொண்டே இருந்தது. கோடு போட்ட மாதிரி நடக்கச் சொன்னால் சுவரைப் பிடிக்கிறாள். இது சுளுக்கு இல்லை, தசையும் இல்லை. கழுத்துக்குள்ளே தண்டுவடத்தை ஏதோ நசுக்குகிறது. இந்தக் கழுத்தை யாராவது ஒரு திருப்புத் திருப்பினால் அவள் அப்புறம் எழுந்திருக்காமலே போகலாம். நான் இரண்டு தரம் பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்த கழுத்து.

பதறிப்போனால் எனக்கு லியோனில் நோயாளிகளிடம் பேசும் வறட்டுக் குரல் வந்துவிடும். "உங்க கழுத்த நான் தொட மாட்டேன். நீங்க உடனே சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுக்கணும்" என்றேன். எழுந்து போய் வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். ஒவ்வொருவரைப் பார்த்த பிறகும் கழுவுவது எனக்குக் கைப்பழக்கம். திரும்பி வந்தால் கூடத்தில் யாரும் இல்லை. மருமகளும் மாமியாரும் தெருமுனை தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி போயிட்டாங்க?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

ஸ்டெல்லா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உனக்கு நிஜமாவே புரியலையா? கடைக்காரன் அவங்க கையிலேர்ந்து எறாவ வாங்க மாட்டான். கீழ வைக்கச் சொல்லித்தான் எடுப்பான். நீ இத்தனை நாளா வந்த எல்லார் கழுத்தையும் தொட்ட. அவள மட்டும் தொட மாட்டேன்னு சொல்லிட்டு, உடனே போய் சோப்புப் போட்டுக் கை கழுவுற."

என் தொழிலே தொடுவது. முப்பது வருஷமாக அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அந்தக் கையை வைத்துக்கொண்டே ஒரு மனுஷியைத் தீண்டத்தகாதவள் என்று சொல்லியிருக்கிறேன். மத்தியானம் நண்டு வறுவல் இருந்தது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவர்கள் குடியிருப்புக்கு ஓடினேன். கன்னியம்மா வெளியே வரவில்லை. செல்வி மட்டும் வந்தாள். அவள் குரலில் கோபமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உடுங்கம்மா, பழகிப்போச்சு. நாளிக்கு வெள்ளிக்கெழம. காலீல பாபண்ணன் கழுத்துல மிதிக்கிறேன்னு சொல்லிக்கீது. அது யாரு எவருன்னு பாக்காது, எல்லாரையும் மிதிக்கும்."

கழுத்தில் மிதியா? அங்கிருந்து நேரே ஆட்டோ நிறுத்தத்துக்குப் போனேன். பாபு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் கத்தியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா மாட்டேன்னு நான் எப்டி சொல்ல? முன்ன அவங்காளுங்கள்ல ஒருத்தருக்கு எலும்பு ஒடஞ்சிருந்துச்சு, நான் மிதிக்க மாட்டேன்னேன். எங்காளுங்க மேல கால் வைக்கக்கூட கசக்குதானு அந்தப் பக்கமே பேசிச்சு. வெச்சா முதுகு போவும், வெக்கலன்னா ஜாதி பாக்குறான்னு பேரு வரும். நீங்களே இப்ப அந்தப் பேர வாங்கிக்கினுதான வந்துகீறீங்க?"

மிதித்தால்தான் தங்களை மனுஷராக மதிக்கிறார்கள் என்று ஒரு ஊரில் சிலர் நினைக்கும்படி ஆகியிருக்கிறது. பாபு காற்றடிப்பதைத் தொடர்ந்தார். "காலீல டீக்கடைக்கு வாங்க. நீங்களே அதுகிட்ட பேசுங்க. உங்க பேச்சு எடுபடலன்னா அப்பால பாக்கலாம்" என்றார். அந்த "அப்பால பாக்கலாம்" என்னைத் தூங்கவிடவில்லை.

காலையில் எனக்கு முன்னாலேயே சாக்கு விரித்திருந்தது. கன்னியம்மா அதில் உட்கார்ந்திருந்தாள். செல்வி பக்கத்தில் நின்றாள். டீ குடிக்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. சாக்கில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். "கன்னியம்மா, எனக்குப் பயம். சாதி இல்லை. உங்க கழுத்துக்குள்ள ஒரு நரம்புத் தண்டு போகுது. கைக்கும் காலுக்கும் அது வழியாத்தான் உயிர் போகுது. அது நசுங்கிக் கிடக்கு. என் கையோ பாபு காலோ அங்க பட்டா, நீங்க நடக்காமலே போயிடுவீங்களோன்னு பயம். அதான் தொட மாட்டேன்னேன்."

"உனுக்குப் பயமா?"

"ஆமா."

"இத நேத்தே சொல்றதுக்கு இன்னா? தொட மாட்டேன், சென்னைக்குப் போன்னா நான் இன்னான்னு நெனைக்கிறது?"

"தப்புதான்" என்றேன். "கழுத்தை மட்டும்தான் தொட மாட்டேன்." அவள் பாதங்களைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட ஆரம்பித்தேன். சேறும் சாம்பலும் ஒட்டியிருந்த பாதம். அது அவள் நோய்க்கு வைத்தியமில்லை என்று எனக்குத் தெரியும். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வலது பாதத்தைப் பிடித்தபோது கன்னியம்மா, "கூசுதும்மா" என்று சிரித்துவிட்டாள். கூட்டமும் சிரித்தது.

இடது பாதத்துக்கு மாறினேன். குதிகாலிலிருந்து விரல் வரை அழுத்தினேன். கன்னியம்மா செல்வியைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் காலோட உட்டுட்டியே, இதையும் புடி" என்றாள்.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது பாதம் என் இரண்டு கைக்குள்ளே இருந்தது. கட்டைவிரலை நான் கிள்ளிப் பிடித்திருந்தேன்.

"புடிச்சிக்கினுதான் கீறியா?" என்றாள். குரல் அடங்கிப்போயிற்று. "நெசமா புடிச்சிக்கினு கீறியா?"

செல்வி அழ ஆரம்பித்தாள். கன்னியம்மா தன் கையை நீட்டி, என் கைக்குள் இருந்த தன் காலைத் தொட்டுப் பார்த்தாள். "பாபு, வண்டிய எடு" என்றாள்.

செல்விக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "பேருக்கு ஒரு மிதியாவது..." என்று இழுத்தாள். பாபு செருப்பைக் கழற்றினார். என் உயிர் போய் வந்தது. அவர் கன்னியம்மாவை எழுப்பி ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு வந்து, காலியான சாக்கை ஓங்கி மிதித்தார். "அது படுக்க இருந்த எடம்தான. போதும், ஏறு." என் தோளில் இருந்த துண்டைக் கன்னியம்மா கழுத்தில் அண்டக் கொடுத்து, ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் பாபுவைத் திட்டிக்கொண்டே சென்னை வரைக்கும் போனேன். அந்த மனிதர் அவ்வளவு மெதுவாக அதற்கு முன் ஓட்டியிருக்க மாட்டார். வழியில் ஒரு பஸ் டிரைவர் எங்களைப் பார்த்து, "மாட்டு வண்டியா ஓட்டுற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் பார்த்த இளம் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னிடம் காட்டினார். கழுத்தில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பின்னால் பிதுங்கித் தண்டுவடத்தை நூலாக நசுக்கியிருந்தது. "யாராவது கழுத்தைத் திருப்பினாங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். உடனே படுக்கை கொடுத்தார்கள். நான் புதுச்சேரிக் கல்யாணத்துக்குப் போய், சாப்பாட்டுப் பந்தியிலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அண்ணியிடம் திட்டு வாங்கினேன். ஆபரேஷன் முடிந்தது என்று செல்வி சொன்னது தாலி கட்டிய அன்றைக்குத்தான்.

விமானம் ஏறும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னியம்மா கழுத்தில் பட்டையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தேறியதற்கு ஊரில் பாபுவின் காலுக்குத்தான் பெயராம். சாக்கை மிதித்ததற்கே இப்படியென்றால் ஆளை மிதித்தால் எப்படி என்று பேச்சாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்னியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் பட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண மூடுங்க" என்றேன். மோதிரத்தைக் கழற்றி அவள் இடது கையில் வைத்தேன்.

ரொம்ப நேரம் உருட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாக நகர்ந்தன. சுண்டுவிரல் இன்னும் விறைப்பாகவே நின்றது. "மோதிரம்" என்றாள். இன்னும் கொஞ்சம் உருட்டினாள். "கல்லு வெச்சது. ஒரு பக்கம் கல்லு ஆடுது, பாத்துக்கோ." எனக்கே தெரியாது. பார்த்தேன், ஆடத்தான் செய்தது.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "இப்பனா கழுத்த தொடுவியா?"

"இன்னும் கூடாது."

"பயமா?"

"பயம்தான்."

"சரி, கையக் குடு" என்று என் கையை வாங்கி, செத்துப்போயிருந்த அந்த இடது கையில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலம் இல்லை. ஆனால் விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்சிக்காரர் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவளே கையை விட்டாள். வார்டு மூலையில் இருந்த குழாயைக் கண்ணால் காட்டினாள்.

"போ, சோப்பு போட்டுக் கைய நல்லா கழுவிக்கினு போ. ஆஸ்பத்திரி, எதுனா ஒட்டிக்கும்" என்றாள்.

நான் கழுவி முடிக்கும்வரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.